ரொறன்ரோவிலிருந்து வேலணைக்கு அறுபது மணித்தியாலம்

2025 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை 3.40 மணிக்கு வேலணையில் எங்கள் அம்மம்மா கண்ணை மூடினார். கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன், என் பெரிய மாமா, ரொறன்ரோவில் இருந்தார். அம்மா அழைப்பெடுத்தபோது அங்கே திங்கட்கிழமை பின்னேரம் 5.10. மாமா வேலைத்தலத்தில் நின்றார்.

விடிவதற்குள் முற்றத்தில் ஊர் கூடிவிட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "பெரியவன் எத்தினை மணிக்கு வந்து சேருவான்?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் தொடங்க ஏலாது. மலர்ச்சாலைக்காரருக்கு எத்தனை நாளுக்குப் பூதவுடலை வைத்திருக்க வேண்டுமென்று தெரியவேண்டும். குருக்களுக்குக் கிரியை நேரம் வேண்டும். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும். பந்தல்காரருக்கும் நேரம் வேண்டும். யாரோ ஒருவர் என்னைக் காட்டினார்: "உவன்தானே ஊடகம் படிச்ச பெடியன், உவனிட்டக் கேளுங்கோ."

நான் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பலாலிக்கும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையில் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். பெரிய ஜெற் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் போகும். பிரித்தால் பதினைந்து மணித்தியாலம். இடையில் மாறி ஏறுவதற்கும் வீதிப் பயணத்துக்கும் என்று பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சேர்த்து, "புதன்கிழமை பின்னேரம் வந்திடுவார்" என்றேன். வியாழக்கிழமை காலை 10 மணிக்குத் தகனம் என்று அறிவித்தல் போனது.

மாமா வீட்டுப் படலைக்குள் கால் வைத்தது வியாழக்கிழமை பிற்பகல் 3.50க்கு. இடையில் நேரத்தை மாற்றி எல்லோருக்கும் சொல்லத்தான் முயன்றோம். ஆனால் பத்து மணியை நம்பி நயினாதீவிலிருந்து வந்த சொந்தக்காரர் பலர், கடைசிப் படகைப் பிடிக்கவேண்டுமென்று குறிகட்டுவானுக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மம்மா சுடலைக்குப் போனதை அவர்கள் பார்க்கவில்லை. அதில் ஒரு கிழவி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனது இன்னும் மனதில் நிற்கிறது.

என் கணக்கு எங்கே பிழைத்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். தீவகத்தில் இந்தக் கணக்குப் போடாத வீடு குறைவு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும், தாய் தகப்பன் இங்கே. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று இணையம் காட்டுவது பூமி உருண்டையின் மேற்பரப்பில் போகக்கூடிய ஆகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால் அது அரபிக் கடல், ஆபிரிக்காவின் வடக்கு, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். அது குறுக்கு வழி அல்ல. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு நுனியை யாழ்ப்பாணத்திலும் மற்ற நுனியை ரொறன்ரோவிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது, வடக்கே ஏறும்.

மருமகளின் உருண்டையில் நான் அப்படிச் செய்து பார்த்தேன். நூல் பலாலியிலிருந்து கிளம்பி மகாராட்டிரத்தைத் தாண்டி, பாகிஸ்தானின் பஞ்சாப், ஆப்கானிஸ்தானின் கிழக்கு ஓரம், தஜிகிஸ்தான், கசகஸ்தான் என்று ஏறி, உரால் மலைக்கு மேற்கால் ரஷ்யாவைக் கடந்து, நோர்வேயின் வட நுனியைத் தொட்டு, கிறீன்லாந்துக்கு மேலால் இறங்கி, லாப்ரடோர், கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு வருகிறது. ஆக உயரத்தில் அது ஏறத்தாழ 73 பாகை வட அகலக்கோட்டில் நிற்கிறது. தையில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே அரிது.

நூல் தொட்ட நோர்வேயின் அந்த வட நுனி ஃபின்மார்க் மாவட்டம். எண்பதுகளில் அங்கே போன எங்கள் பிள்ளைகள் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். லாப்ரடோரின் தெற்கே நியூபவுண்ட்லாந்துக் கடலில்தான் 1986 ஆவணி 11 அன்று, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எங்கள் ஆட்கள் போன இடமெல்லாம் அதன் ஓரத்தில் வருகிறது.

ஆனால் அந்த நூலின் மேல் எந்தப் பயணிகள் விமானமும் பறப்பதில்லை. தூரம் கூடியதால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றர் நில்லாமல் பறக்கும் விமானம் இருக்கிறது. அது பதினெட்டு மணித்தியாலத்துக்கும் மேல். ஆகவே 13,700 கிலோமீற்றரைப் பறக்க இயந்திரத்தால் முடியும். ஒவ்வொரு நாளும் முந்நூறு பேரை நிரப்பிக் காட்டவும், அவ்வளவு பெரிய விமானம் இறங்க ஓடுபாதை வைத்திருக்கவும்தான் எங்களால் முடியாது. கொழும்பிலிருந்துகூட ரொறன்ரோவுக்கு நேர்ச் சேவை இல்லை.

அதனால் எங்காவது இறங்கி மாறி ஏறவேண்டும். வளைகுடா வழி, லண்டன் வழி, இந்தியா வழி என்று பல இருக்கின்றன. மாறி ஏறுவதால் தூரம் பெருமளவு கூடிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நூல் பிடித்தால் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாயில் இறங்கி வந்தால் 11,100உம் 3,300உம் சேர்ந்து 14,400. லண்டனில் இறங்கி வந்தால் 5,700உம் 8,700உம், அதுவும் 14,400. வித்தியாசம் நானூறு கிலோமீற்றர்தான், அரை மணித்தியாலப் பறப்பு. இறங்கிய இடத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்தான் ஆளைத் தின்கிறது. மாமாவுக்கு அது ஐந்தரை மணித்தியாலம்.

அடுத்தது மணிக்கூடு. மாமாவின் பயணச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். புறப்பாடு செவ்வாய் இரவு 9.00, கட்டுநாயக்கவுக்கு வருகை வியாழன் காலை 6.30. சின்னம்மா விரல் மடக்கி எண்ணிவிட்டு, "முப்பத்திமூண்டரை மணித்தியாலம் பிளேனுக்குள்ளயோ!" என்று தலையில் கை வைத்தார். சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரத்திலும், வரும் நேரம் வரும் ஊரின் நேரத்திலும்தான் அச்சிடப்படும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கழிக்கவேண்டும். ரொறன்ரோ குளிர்காலத்தில் எங்களைவிட 10.30 மணித்தியாலம் பின்னால் நிற்கும், கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளுவதால் 9.30. லண்டன் குளிரில் 5.30, கோடையில் 4.30. பாரிசுக்கு அதிலும் ஒவ்வொரு மணித்தியாலம் குறைவு. தை மாதமென்றபடியால் முப்பத்துமூன்றரையிலிருந்து பத்தரையைக் கழித்தால் 23 மணித்தியாலம். அதில் 13 ரொறன்ரோவிலிருந்து வளைகுடாவுக்கு, ஐந்தரை காத்திருப்பு, நாலரை கட்டுநாயக்கவுக்கு. அங்கிருந்து எங்களிடம் வருபவருக்குக் கழிக்க வேண்டும், இங்கிருந்து மேற்கே போகிறவருக்குக் கூட்ட வேண்டும். கன வீடுகளில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நேர வித்தியாசம் எங்களுக்குப் புதிதல்ல. நாட்டுக்குள்ளேயே அது இருந்தது. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலமாகக் குறைத்து, 2006 சித்திரை வரை அப்படியே வைத்திருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தை விடவில்லை. சமாதான காலத்தில் ஏ9 வீதியால் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் பின்னால் போகும், முகமாலையைத் தாண்டினால் திரும்பவும் முன்னால் வரும். ஒரே நாளில் மணிக்கூட்டை இரண்டு தரம் திருகிய சனம் நாங்கள்.

காற்றையும் சொல்லவேண்டும். விமானங்கள் பறக்கும் உயரத்தில், பூமியின் வட பாதியில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூட. ரொறன்ரோவிலிருந்து வருகிற விமானத்தை அது பின்னால் நின்று தள்ளும், திரும்பிப் போகிறதை முன்னால் நின்று மறிக்கும். அதனால் வளைகுடாவுக்கு வர 13 மணித்தியாலம் எடுத்தால், அதே வழியால் திரும்பிப் போக 14 அல்லது அதற்கும் மேல். ஊருக்கு வாறது கெதி, போறது சுணக்கம். மனதுக்கு ஏன் அது எதிர்மாறாகத் தெரிகிறது என்று எனக்குத் தெரியாது.

பிறகு, பூட்டிய வானங்கள். 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபின் கனடாவும் ஐரோப்பாவும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின, ரஷ்யா பதிலுக்குத் தன் வானை மூடியது. நான் நூல் பிடித்த பாதையின் நடுப்பகுதி கனடிய விமானங்களுக்கு இன்று பூட்டு. 2025 சித்திரையில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானை மூட, டில்லியிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பவேண்டி வந்தது. அதே வருடம் ஆனி 23 அன்று, ஈரான் ஏவுகணை விட்டபோது, கட்டார் சில மணித்தியாலங்கள் வானை மூடியது. வளைகுடா வழியாக வரவேண்டிய ஆயிரக்கணக்கானோர் இடைநடுவில் நின்றார்கள். அன்று யாருடைய வீட்டிலாவது செத்தவீடு நடந்திருக்கும். எங்களுடைய சண்டை முடிந்து பதினாறு வருடம் போய்விட்டது. மற்றவர்களின் சண்டைக்காகவும் எங்கள் முற்றத்தில் பூதவுடல் காத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் மாமா வானத்தில் இருந்தது பதினேழரை மணித்தியாலம்தான். என் முதல் கணக்குப் பதினைந்து. அதில் பெரிய பிழையில்லை. பிழைத்தது வேறு இரண்டு இடத்தில்.

முதலாவது, புறப்படுவதற்கு முன். செய்தி கேட்டதிலிருந்து விமானம் கிளம்பும் வரை 27 மணித்தியாலமும் 50 நிமிடமும் போயிருக்கிறது. நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. செய்தி கேட்டவுடன் ஆள் பறப்பதாக நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை இரவு விமானத்தில் இருக்கை இல்லை. அடுத்த நாளைக்குக் கிடைத்தது, வழமையைப்போல இரண்டு மடங்கு விலையில். கனடியக் கடவுச்சீட்டு என்பதால் இலங்கைக்கு வர இணையத்தில் நுழைவு அனுமதி எடுக்கவேண்டும். வேலையில் லீவு கேட்கவேண்டும். விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்திப் போகவேண்டும். பனி கொட்டினால் இறக்கையில் உறைந்த பனியைக் கரைக்கத் திரவம் அடித்த பிறகுதான் ஓடுபாதைக்கே விடுவார்கள். அன்று நல்லகாலம், அதிகம் சுணங்கவில்லை.

இரண்டாவது, இறங்கிய பிறகு. 14,400 கிலோமீற்றரைக் காத்திருப்போடு சேர்த்து 23 மணித்தியாலத்தில் கடந்து வந்தவருக்கு, கட்டுநாயக்கவிலிருந்து வேலணைக்கு 400 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தைக் கடக்க 9 மணித்தியாலமும் 20 நிமிடமும் எடுத்தது. குடிவரவும் பொதியும் 1 மணி 20 நிமிடம், மிச்ச 8 மணித்தியாலம் வானில். வான் என்றால் ஆகாயமல்ல, வாடகை வான். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம். பிறகு பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை.

கட்டுநாயக்கவுக்கும் பலாலிக்கும் இடையில் நேர்கோட்டில் 290 கிலோமீற்றர்தான். ஒரு சிறிய விமானம் ஒரு மணித்தியாலத்தில் பறக்கும் தூரம். அந்தக் காலையில் எங்களுக்குப் பொருந்துகிற உள்ளூர் விமானம் எதுவும் இருக்கவில்லை.

இதைக் கேட்டதும் பலர், "பலாலிக்கு வந்திருக்கலாமே" என்பார்கள். வந்திருக்கலாம், இந்திய விசா இருந்திருந்தால். ரொறன்ரோவிலிருந்து சென்னை வரை ஒரு சீட்டு, சென்னையிலிருந்து பலாலிக்கு வேறு சீட்டு என்று எடுத்தால், சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்துத் திரும்பப் பதியவேண்டும். அதற்கு விசா வேண்டும். தாய் செத்த இரவில் யார் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பார்? அதோடு சென்னைக்கு விடியற்காலை வந்திறங்குகிறவர், பலாலிக்குப் பகல் விமானம் என்றால் அதுவரை அங்கேயே இருக்கவேண்டும். நேரத்தில் மிஞ்சுவது சில மணித்தியாலம்தான். ஆனால் இரண்டு இரவு நித்திரை இல்லாத மனுசனுக்கு எட்டு மணித்தியால வான் ஓட்டம் இல்லை. பலாலியிலிருந்து வேலணை ஒரு மணித்தியாலம்.

பலாலியின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படைக்காகக் கட்டிய தளம் அது. 1947 மார்கழி 10 அன்று எயார் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, டக்கோட்டா விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அதாவது இலங்கையின் முதல் தேசிய விமான சேவையின் முதல் பறப்பிலேயே யாழ்ப்பாணம் ஒரு தரிப்பு. 1978க்குப் பின் சென்னைச் சேவை நின்றது. பிறகு யுத்தம். பலாலி படைத்தளமாகியது, சுற்றியிருந்த கிராமங்கள் 1990இல் உயர் பாதுகாப்பு வலயமாகின.

யுத்தத்துக்குள்ளும் விமானம் பறந்தது. தரைப்பாதை பூட்டியிருந்த வருடங்களில் கொழும்புக்குப் போக விமானம் அல்லது கப்பல்தான். வானத்தில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகப் பாஸ், பதிவு, சோதனை, திரும்பவும் சோதனை என்று நாட்கணக்கில் நின்றவர்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். வந்து சேராதவர்களும் உண்டு. 1998 புரட்டாதி 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் வீழ்த்தப்பட்டு 55 பேர் இறந்தார்கள். அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அருகே கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல். பதினான்கு வருடம் அந்தக் குடும்பங்களுக்குப் பயண நேரம் முடியவேயில்லை.

2019 ஐப்பசி 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு பலாலி திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. கார்த்திகையில் ஒழுங்கான சேவை தொடங்கி, 2020 பங்குனியில் கொரோனாவால் நின்று, 2022 மார்கழி 12 அன்று திரும்பவும் தொடங்கியது. 2024 புரட்டாதி 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது, 2025 பங்குனி 30 முதல் திருச்சியிலிருந்தும். திருச்சி நேர்கோட்டில் 185 கிலோமீற்றர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரத்துக்கு வீதியால் போகும் தூரத்தைவிடக் குறைவு.

இங்கே வருவது ஏரிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள், மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம். சென்னைக்கு 355 கிலோமீற்றர். பிரித்தால் 43 நிமிடம் வரும். அட்டவணையோ ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் சொல்லும். காரணம், விமான நிறுவனங்கள் பயண நேரத்தைக் கணக்கிடுவது வானத்தில் பறந்த நேரத்தை வைத்தல்ல. சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்துப் புறப்பட்டதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பவும் கட்டை வைக்கும் வரைக்கும் முழுவதும் பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல உயர ஏறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைப்பது, சென்னை மாதிரி நெருக்கமான இடத்தில் முறை வரும் வரை வட்டமிடுவது, எல்லாம் அதற்குள். தூரம் குறையக் குறைய இந்த மேலதிக நிமிடங்கள் பெரிதாகத் தெரியும். நீண்ட பயணத்தில் அவை கரைந்துவிடும்.

ஜெற் வந்திறங்கப் பலாலி ஓடுபாதையைப் பெருப்பிக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் விரும்புகிறேன். ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றியிருக்கும் மண் வெறும் மண் அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட சனத்தின் வீடும் தோட்டமும். 2009க்குப் பின் துண்டு துண்டாக விடுவித்தார்கள், இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன. முப்பத்தைந்து வருடமாகத் தங்கள் வளவுக்குப் போகும் ஒரு மைல் தூரத்தைக் கடக்கமுடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் மாமாவின் எட்டு மணித்தியாலத்தைக் குறைப்பதற்கு அவர்களின் காணி விலையாகப் போனால், அதை நான் இலாபம் என்று எழுதமாட்டேன். முதலில் காணிச் சொந்தக்காரரோடு பேசித் தீர்க்கட்டும். ஓடுபாதை அதற்குப் பிறகு.

இனி, உங்கள் வீட்டில் இப்படியொரு நாள் வந்தால் செய்யக்கூடியது. வருகிறவரிடம் "எப்ப வெளிக்கிடுகிறாய்" என்று கேட்காதீர்கள், "சீட்டு உறுதியாகிவிட்டதா" என்று கேளுங்கள். சீட்டின் படம் கைக்கு வரும் வரை அறிவித்தலில் நேரம் போடவேண்டாம், நாளை மட்டும் சொல்லலாம். கட்டுநாயக்கவில் இறங்கும் நேரத்தோடு தீவகத்துக்குப் பத்து மணித்தியாலம் கூட்டுங்கள். மாரியில் இன்னும் ஒன்று கூட்டலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆட்கள் வரவேண்டுமென்றால் கடைசிப் படகு நேரத்தைப் பார்த்துத் தகனத்தை வையுங்கள். பின்னேரம் நாலு மணி அவர்களுக்குத் தோதான நேரமல்ல, அடுத்த நாள் காலைக்குத் தள்ளுவது மேல். நாங்கள் அன்று தள்ளியிருக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள், தாய் தகப்பனுக்கு வயது போய்விட்டதென்றால், இந்திய விசாவை முன்னரே எடுத்து வைத்திருங்கள். கேட்கச் சங்கடமான புத்திமதிதான்.

செத்தவீட்டுக்கு மறுநாள் இரவு மாமாவும் நானும் திண்ணையில் இருந்தோம். என் பிழைக்காக மன்னிப்புக் கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மருமோன், நான் இஞ்சயிருந்து அங்க போக எவ்வளவு காலம் எடுத்ததெண்டு தெரியுமே?" என்று கேட்டார். 1991இல் தீவகம் வெறுமையானபோது கிளம்பியவர் அவர், வயது இருபது. கொம்படி, ஊரியான் பாதையால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வன்னி, வவுனியா, கொழும்பில் ஒரு லொட்ஜில் நாலு மாதம், ஏஜென்சிக்காரர் கொண்டுபோய் விட்ட பாங்கொக்கில் ஏழு மாதம், பிறகு இன்னும் இரண்டு நாடுகள். ரொறன்ரோவில் இறங்கியபோது வீட்டை விட்டுப் பதினாறு மாதம். "அம்மாதான் சங்கிலியைக் கழட்டித் தந்தவ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டுச் செலவு முடிந்து இரண்டாம் நாள் மாமா வெளிக்கிட்டார். அந்தியேட்டி வரை நிற்க லீவு இல்லை. இந்த முறை இணையத்தில் ஆறுதலாக எடுத்த இந்திய விசாவோடு பலாலியால் போனார். அம்மாவும் நானும் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டோம். விமானம் எழும்பும் சத்தம் கேட்கும் வரை வீதியோரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினோம். வழியில் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு மருந்து வாங்கினோம். வங்களாவடிச் சந்திக்கு வந்து தேத்தண்ணிக்குச் சொல்லிக்கொண்டு நிற்கும்போது கைத்தொலைபேசியில் தகவல் விழுந்தது. "சென்னைக்கு வந்திட்டன். நீங்கள் வீட்டை போய்ச் சேர்ந்திட்டியளோ?"

"இன்னும் இல்லை எண்டு போடு" என்றார் அம்மா.